வாயில் வலை இருந்தது

1997ஆம் ஆண்டு ஜூன் மாதம் 6ஆம் திகதி வெள்ளிக்கிழமை, பிற்பகல் 2.10 மணிக்கு, மீன்பிடித் தொழிலாளி வினாயகமூர்த்தியின் மரண விசாரணை தொடர்பாக, கௌரவ நீதவான் அவர்களின் பணிப்பின் பேரில் நீதிமன்றப் பதிவாளரால் தமிழில் எழுதப்பட்டது.

பெயர்: கோணாமலை கதிர்காமத்தம்பி. வயது: 54. தொழில்: வாவியில் வீச்சுவலை. முகவரி: ஆற்றங்கரை ஒழுங்கை, ஆரையம்பதி. மதம்: இந்து. சத்தியம் செய்துகொண்டு சொல்வதாவது:

நான் மேற்சொன்ன முகவரியில் என் மனைவி புஸ்பத்துடன் வசித்து வருகிறேன். பிள்ளைகள் இருவரும் கலியாணம் முடித்துப் போய்விட்டார்கள். பதினான்கு வயதில் வலை தூக்கியவன். வேறு தொழில் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசைப்பட்டதும் இல்லை. என் பேரில் எந்தப் பொலிசிலும் முறைப்பாடு கிடையாது. எந்த இயக்கத்தோடும் எனக்குத் தொடர்பு கிடையாது. எனக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும், அதற்கு மேல் எழுதவோ வாசிக்கவோ தெரியாது. சிங்களத்தில் மீனுக்கு மாலு என்று பெயர் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

இறந்த வினாயகமூர்த்தியை இருபது வருடமாகத் தெரியும். அவர் எனக்கு உறவுக்காரர் அல்ல. கூட்டாளி என்று சொல்வதும் பொய்யாகும். எங்கள் கரையில் கண்ணா மரங்கள் தண்ணீருக்குள் இறங்கி நிற்கும் ஒரு வளைவு உண்டு. காலையில் மணலை மீன் அங்கேதான் வந்து ஒதுங்கும். அந்த இடத்தில் என் தகப்பன் காலத்திலிருந்து நாங்கள் நின்று வீசுகிறோம். வினாயகமூர்த்தி எனக்கு முன்னே எழும்பி வந்து அங்கே நின்றுவிடுவார். அதைப்பற்றி வாய்த்தர்க்கம் வந்து, கடைசி இரண்டு வருடமாக நாங்கள் இருவரும் பேசுவதில்லை. அவர் என்னைவிட நன்றாக வீசுவார் என்று ஊரில் சிலர் சொல்லுவார்கள். அது சரியல்ல. பதிவாளர் ஐயா இது விசாரணைக்குத் தேவையா என்று கேட்டார். தேவை என்றேன். சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்.

வாவிக்கு மறுகரையான படுவான்கரை இயக்கத்தின் கையில் இருப்பதால், எங்கள் பக்கத்து மீன்காரர் எல்லோருக்கும் பொலிஸ் பாஸ் தந்திருந்தது. காலை ஆறு மணி தொடக்கம் பத்து மணி வரை வீசலாம். கரையிலே அணைக்கட்டின் மேல் பொலிஸ் காவலரண் ஒன்று உண்டு. அங்கிருந்து விசில் ஊதினால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு பெயரையும் பாஸ் நம்பரையும் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது கட்டளை. முதல் அங்கே இருந்தவர்கள் ஒன்றரை வருடம் எங்களோடு பழகியவர்கள். நாங்கள் வலையை வீசி முடிக்கும்வரை பொறுத்துத்தான் விசிலை வாயில் வைப்பார்கள். அவர்களுக்கும் மீன் வேண்டும் அல்லவா. மே மாதம் 13ஆம் திகதி அவர்களை மாற்றிவிட்டுப் புதியவர்களைப் போட்டார்கள். நாங்கள் எப்படி வீசுவோம் என்று அந்தப் புதியவர்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. கட்டளை மட்டும் அப்படியே இருந்தது.

மறுநாள் 14ஆம் திகதி புதன்கிழமை, நான் வழமையாக எழும்பும் நேரத்துக்கு எழும்பினேன். ஆனால் பழஞ்சோறு தயிரோடு நன்றாக இருந்தபடியால் இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். "சோத்துச் சட்டியக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு இருந்தா மீன் உங்களைத் தேடி வருமா?" என்று புஸ்பம் ஏசினார். அதன் பின்னர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றடிக்கு (வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வது) போனபோது, நான் நிற்க வேண்டிய வளைவில் வினாயகமூர்த்தி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் வந்தது. அவருக்கு இருபது பாகம், அதாவது நாற்பது யார் தள்ளி, தெற்குப் பக்கமாக நானும் இறங்கினேன். நான் ஒரு கோப்பை பழஞ்சோறு குறைவாகச் சாப்பிட்டிருந்தால் அந்த இடத்தில் நான் நின்றிருப்பேன். அதை நினைக்காமல் ஒரு நாளும் போகவில்லை.

நேரம் ஏழு மணி இருக்கும். தண்ணீர் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. மணலைக் கூட்டம் ஒன்று மேலே வந்து வாயைத் திறந்து திறந்து போனதை இருவரும் ஒரே நேரத்தில் கண்டோம். அதன் பின்னர் இருவரும் வலையைக் கூட்டத் தொடங்கினோம்.

வீச்சுவலையை எப்படிக் கூட்டுவது என்று விளக்கமாகக் கேட்கப்பட்டபோது சொல்வதாவது: வலையின் உச்சியிலிருந்து வரும் கயிறு இடக்கை மணிக்கட்டில் கட்டியிருக்கும். வலையை மடித்து மடித்து இடக்கையில் பிடிக்க வேண்டும். அடிவிளிம்பில் சுற்றிவர ஈயமணிகள் கோத்திருக்கும். அந்த விளிம்பில் ஒரு பக்கத்தை வாயில் எடுத்து முன்பல்லால் கடித்துப் பிடிக்க வேண்டும். மறுபக்கத்தை வலக்கையில் எடுத்து, உடம்பைப் பின்னுக்கு முறுக்கி, வீசும்போது பல்லை விட வேண்டும். பல்லை முந்தி விட்டால் வலை சுருண்டு விழும். பிந்தி விட்டால் பல் வலையோடு போய்விடும். எங்கள் ஊரில் பல் இல்லாத வலைகாரர் மூன்று பேர் இருக்கிறார்கள், தேவையானால் அழைத்து வரலாம். கடித்த பிறகு யார் கூப்பிட்டாலும் பேச முடியாது. மீன் முன்னால் நிற்கும்போது பேசவும் மாட்டோம். தண்ணீருக்குள் நின்று சத்தம் போடுகிறவனை எங்கள் ஆட்கள் மனிதனாகவே கணக்கெடுப்பதில்லை.

இருவர் வாயிலும் வலை இருந்தபோது காவலரணில் விசில் ஊதப்பட்டது. எனக்குப் பயம் வரவில்லை. இந்தச் சத்தத்துக்கு மீன் கலையப் போகிறதே என்று கோபம்தான் வந்தது. வினாயகமூர்த்திக்கும் அதே கோபம் வந்திருக்கும், ஏனென்றால் அவர் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை, ஒரு முறை தோளை மட்டும் குலுக்கினார். வீசிவிட்டுச் சொல்லுவோம் என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாம் விசிலும் ஊதப்பட்டது. சிங்களத்தில் ஒருவர் கத்தினார். வாயில் வலை இருந்ததால் வினாயகமூர்த்தியால் பதில் சொல்ல முடியவில்லை. அவர் வலக்கையைப் பின்னுக்கு வாங்கினார். அப்போது துவக்குச் சூடு கேட்டது.

அவர் விழுவதற்கு முன் வலை கையை விட்டுப் போய்விட்டது. அது வட்டமாக விரிந்து விழுந்தது. நான் என் வாயிலிருந்த வலையைத் துப்பிவிட்டு, "சுடாதீங்க, சுடாதீங்க, மீன்காரன்!" என்று கத்தினேன். எனக்கு வாய் வரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. முதலாம் விசிலுக்கே நான் வலையைத் துப்பிக் கத்தியிருந்தால் அவர் இருந்திருப்பார். மீனுக்காக நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன் என்பதை ஒருவரும் கேட்காமலே சொல்லுகிறேன்.

அதன் பின்னர் இரண்டு கையையும் தூக்கியபடி அவர் பக்கத்தில் போனேன். நெஞ்சில் வலப்பக்கம் பட்டிருந்தது. வலைக்குள் மீன் அகப்பட்டு இழுத்ததால் மணிக்கட்டில் இருந்த கயிறு அவருடைய கையைத் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. "கயித்தக் கழட்டு மச்சான்" என்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவர் என்னோடு பேசியது அதுதான். கழற்றினேன். அதற்குள் உயிர் போய்விட்டது.

இரண்டு பொலிஸ்காரர் கரைக்கு இறங்கி வந்து தூக்கச் சொல்லிக் கை காட்டினார்கள். தூக்குவதற்குப் பாரமாக இருந்தபடியால் அவர் இடுப்பில் கட்டியிருந்த பறியை அவிழ்த்து, தலைகீழாகக் கவிழ்த்துக் கொட்டினேன். பறி என்பது மீன் போடும் ஓலைக் கூடை. அதற்குள் நான்கு மணலையும் ஒரு நண்டும் இருந்தன. வேறு ஒன்றும் இருக்கவில்லை. அந்தப் பறிக்குள் கைக்குண்டு இருந்ததாக இப்போது பொலிஸ் தரப்பில் சொல்லப்படுவது எனக்குத் தெரியும். கொட்டியவன் நான்.

சுட்டவர் கான்ஸ்டபிள் ஜயதிலக என்பதை அப்போது அறியவில்லை, பின்னர் அறிந்தேன். மெல்லிய ஆள், இருபத்திரண்டு வயது இருக்கலாம். கரைக்கு வரவில்லை. அணைக்கட்டின் மேல் நின்று வாந்தி எடுத்ததைக் கண்டேன்.

அன்று பகல் என்னைக் காவலரணில் வைத்திருந்தார்கள். ஒருவரும் அடிக்கவில்லை, தேத்தண்ணீரும் தந்தார்கள். பின்னேரம் பொறுப்பாக இருந்த அதிகாரி சிங்களத்தில் எழுதிய ஒரு கடதாசியைக் கொண்டுவந்து, "சைன் பண்ணு. பொடி தாறது" என்றார். பிரேதத்தை எடுக்கத்தான் கையெழுத்து என்று நினைத்தேன். அன்னப்பூரணி, அதாவது வினாயகமூர்த்தியின் மனைவி, கேற்றுக்கு வெளியே வெயிலில் குந்தியிருந்தார். கெதியாக முடியட்டும் என்று கையெழுத்தை வைத்துவிட்டேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவில்லை. அது என்னுடைய பிழை.

அதன் பின்னர் அன்னப்பூரணியின் வீட்டை இரண்டு முறை சோதனை போட்டார்கள். பயங்கரவாதியின் வீடு என்று குடும்ப அட்டையில் குறித்தார்கள் என்றும், மூத்த மகள் இராசாத்தியை அடையாள அணிவகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னார்கள் என்றும் கேள்விப்பட்டேன். ஒரு நாள் அன்னப்பூரணி எங்கள் வீட்டு வளவுக்கு வந்தார். புஸ்பம் இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. "அண்ணன், அந்தாள் குண்டு எறியப் போனவரா? பக்கத்தில நிண்டது நீங்கதானே. ஒரு சொல்லுச் சொல்லுங்க" என்று கேட்டார். நான், "கோட்டில நீதவான் கேப்பார், அப்ப சொல்லுவன்" என்றேன். அப்படிச் சொன்னது சொல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் அல்ல, அவர் போனால் போதும் என்ற எண்ணத்தில். எனக்குப் பயமாக இருந்தது. அவர் போன பிறகு புஸ்பம் எனக்குச் சோறு போட்டார், பேசவில்லை. ஏச்சு வாங்கிச் சாப்பிட்டுப் பழகியவனுக்கு அந்தச் சோறு இறங்கவில்லை.

ஜூன் 2ஆம் திகதி திங்கட்கிழமை இந்த நீதிமன்றத்துக்கு அழைக்கப்பட்டேன். நான் கையெழுத்து வைத்த கடதாசியைத் தமிழில் வாசித்தார்கள். இறந்தவர் கைக்குண்டின் ஊசியை வாயால் கடித்து இழுத்து, எறிவதற்குக் கையை ஓங்கியதை நான் கண்டேன் என்று அதில் இருந்தது.  கையெழுத்து என்னுடையது, சொல் என்னுடையது அல்ல என்று சொன்னேன். பொய் வாக்குமூலம் கொடுத்தால் மறியலில் அடைப்பார்கள் தெரியுமா என்று பொலிஸ் தரப்புச் சட்டத்தரணி கேட்டார். எது பொய் என்று நான் திருப்பிக் கேட்டேன். அதன் பின்னர் டொக்டரின் பிரேத பரிசோதனை அறிக்கை வாசிக்கப்பட்டது. இறந்தவரின் முன்பல் இடுக்கில் நைலோன் நூல் துண்டு இருந்தது என்று அதில் ஓரிடத்தில் வந்தது. அது என்ன நூல் என்று கௌரவ நீதவான் அவர்கள் கேட்டார். நான் கூண்டில் நின்றபடி வாயைத் திறந்து என் முன்பல்லில் விழுந்திருக்கும் பள்ளத்தைக் காட்டினேன். வாயால் விளங்கப்படுத்த ஏலாது, தண்ணீருக்குள் இறக்கினால் காட்டுவேன் என்றேன். வெள்ளிக்கிழமை காலை அந்த இடத்துக்கே வருவதாக அவர் உத்தரவிட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போய் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

இன்று காலை ஏழு மணியளவில் எல்லோரும் கரைக்கு வந்தார்கள். கௌரவ நீதவான் அவர்கள், பதிவாளர், சட்டத்தரணி, மொழிபெயர்ப்பதற்காக ஏறாவூரைச் சேர்ந்த சார்ஜன்ட் ஹமீட், துவக்கு இல்லாமல் கான்ஸ்டபிள் ஜயதிலக ஆகியோர் கரையில் நின்றார்கள். பாதுகாப்புக்கு வந்த இரண்டு பொலிஸ்காரர் மட்டும் துவக்குகளோடு அணைக்கட்டில் நின்றார்கள். நான் என்ன செய்யப் போகிறேன் என்று சார்ஜன்ட் ஹமீட் அவர்கள் இருவருக்கும் சிங்களத்தில் முதலே விளக்கிச் சொன்னார். அவர்கள் தலையாட்டினார்கள். அன்னப்பூரணியும் ஊர்ச் சனமும் ஒழுங்கையில் நின்றார்கள்.

நான் வினாயகமூர்த்தி நின்ற இடத்தில் இறங்கி நின்று, வலையைக் கூட்டி, விளிம்பைக் கடித்தேன். கௌரவ நீதவான் அவர்கள் கரையிலிருந்து, "உமது பெயர் என்ன?" என்று சத்தமாகக் கேட்டார். என்னிடமிருந்து மாடு முனகுவது போல் ஒரு சத்தம் வந்தது. "உமது பெயர் என்ன? பாஸ் நம்பர் என்ன?" என்று மறுபடி கேட்டார். அதன் பின்னர் நான் உடம்பை முறுக்கி வலக்கையைப் பின்னுக்கு வாங்கினேன். அப்போது அணைக்கட்டில் துவக்கு லோட் பண்ணும் சத்தம் கேட்டது.

ஐம்பத்து நான்கு வருடத்தில் நான் அப்படிப் பயந்ததில்லை. துப்பவும் மறந்துவிட்டேன். "துவக்கைக் கீழே பிடி!" என்று கௌரவ நீதவான் அவர்கள் கத்தினார். சார்ஜன்ட் ஹமீட் அதையே சிங்களத்தில் கத்திக்கொண்டு, செருப்போடு தண்ணீருக்குள் இறங்கி எனக்கும் அணைக்கட்டுக்கும் நடுவில் வந்து நின்றார். சொல்லி வைத்தும், கண்ணால் கண்டும், அவர்கள் இருவரின் துவக்குகளும் என் பக்கம்தான் நிமிர்ந்திருந்தன. அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. கை தானாகப் போயிருக்கிறது.

அந்த நேரத்தில் நான் வலையை வீசியது ஏன் என்று கேட்கப்பட்டபோது சொல்வதாவது: கடித்த வலையை வீசாமல் விட்டுப் பழக்கம் இல்லை. அதோடு மீனும் நின்றது. வலை நன்றாக விரிந்தது. பதினொரு மணலை இருந்தன. இரண்டை எடுத்துக் கௌரவ நீதவான் அவர்களிடம் நீட்டினேன். "சாட்சியிடம் மீன் வாங்கினால் என்னைக் கூண்டில் ஏற்றுவார்கள்" என்று சிரித்துக்கொண்டு மறுத்துவிட்டார். சார்ஜன்ட் ஹமீட் மறுத்திருக்க மாட்டார், ஆனால் நீதவான் பார்த்துக்கொண்டு நின்றார். பதினொன்றும் அன்னப்பூரணியின் வீட்டுக்குப் போனது.

நான் கரைக்கு ஏறியபோது கான்ஸ்டபிள் ஜயதிலக மணலில் குந்தியிருந்தார். கௌரவ நீதவான் அவர்கள் அவரிடம் என்ன கண்டீர் என்று கேட்டார். அவர் சொன்னதைச் சார்ஜன்ட் ஹமீட் தமிழில் சொன்னார். "இதைத்தான் கண்டேன். வாயைக் கண்டேன், கையைக் கண்டேன். குண்டை நான் காணவில்லை. இங்கே வரும் முன் நான் வாவியையே கண்டதில்லை" என்பதே அது. சட்டத்தரணி அவரைப் பேச வேண்டாம் என்று கை காட்டினார். அவர் பேசினார். அப்படியானால் பறிக்குள் குண்டு வந்தது எப்படி என்று கேட்டதற்கு, தன்னைவிடப் பெரியவர்களிடம் கேட்க வேண்டும் என்றார். அதையும் எழுதினார்கள்.

கான்ஸ்டபிள் மீது கோபம் இருக்கிறதா என்று கேட்கப்பட்டபோது சொல்வதாவது: இல்லை என்றால் பொய். அவர் சுட்டார், ஆள் செத்தார். ஆனால் இன்று அவர் அந்த மணலில் குந்தியிருந்து சொன்ன சொல்லுக்காக, அவரை என் வளவுக்குள் வரவேண்டாம் என்று சொல்லமாட்டேன். அவருக்கு ஆறு எப்படி என்று காட்டாமல் துவக்கை மட்டும் கொடுத்து அணைக்கட்டில் ஏற்றியவர்கள் மீதும், குண்டைக் கொண்டுவந்து பறிக்குள் வைத்தவர்கள் மீதும் உள்ள கோபம் வேறு. அது குறையாது.

இனிமேல் விசில் ஊதினால் என்ன செய்வீர் என்று கேட்கப்பட்டபோது சொல்வதாவது: வலையைத் துப்புவேன். மீன் போனால் போகட்டும். ஆனால் இன்று கௌரவ நீதவான் அவர்கள் காவலரண் அதிகாரியிடம், வலை தண்ணீரில் விழும்வரை விசில் ஊதக் கூடாது என்று எழுத்தில் கொடுத்தார். அதை எல்லா மீன்காரருக்கும் வாசித்துக் காட்டினார்கள். ஒருவர் இறந்த விசாரணையில் எனக்குச் சந்தோஷம் என்று சொல்லலாமா என்று பதிவாளரிடம் கேட்டேன். சொல்வதை எழுதுவதுதான் தன் வேலை என்றார். அப்படியானால் எனக்குச் சந்தோஷம் என்று எழுதவும். மூன்று கிழமைக்குப் பிறகு இன்று காலையில்தான் புஸ்பம் என்னை ஏசினார்.

என்னை ஒருவரும் வெருட்டியோ ஆசை காட்டியோ இதைச் சொல்லவைக்கவில்லை. மே 14இல் நான் கையெழுத்து வைத்த கடதாசிக்குப் பதிலாக இதையே என் சொல்லாக ஏற்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மேலே எழுதியதைப் பதிவாளர் தொடக்கத்திலிருந்து தமிழில் வாசித்துக் காட்டினார். அன்னப்பூரணியும் மகளும் மண்டபத்தில் இருந்து கேட்க நீதவான் அனுமதி தந்தார். வாசித்தபோது ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னேன். "இறந்தவர் கட்டளைக்குப் பணியவில்லை" என்று அங்கே இருந்தது. அப்படித்தான் எழுதுவது வழக்கம் என்று பதிவாளர் சொன்னார். அதை வெட்டச் சொன்னேன். வெட்டிவிட்டு, வாயில் வலை இருந்ததால் வினாயகமூர்த்தியால் பதில் சொல்ல முடியவில்லை என்று நான் சொன்னபடி எழுதினார், வெட்டிய இடத்தில் நான் சிறிய கையெழுத்து வைத்தேன். அன்னப்பூரணி எழும்பி, "அந்த வரிய இன்னொருக்கா வாசிங்க ஐயா" என்றார். பதிவாளர் மறுபடியும் வாசித்தார். இதில் உள்ளது முழுவதும் நான் கண்டதும் செய்ததும், செய்யாமல் விட்டதும் ஆகும். விளங்கிக்கொண்டு கையெழுத்து வைக்கிறேன்.

(ஒப்பம்) கோ. கதிர்காமத்தம்பி
பிற்பகல் 4.35